அயோவாவில் ஒரு கிராமத்துக் கவுண்டி, மூன்று அரசுப் பள்ளிகள்

பயிற்சி முடித்த வெளிநாட்டு டாக்டர்கள் நாடு திரும்பாமல் தங்கி வேலை பார்க்க விடும் கான்ராட் 30 திட்டத்தில் வேலை கிடைத்து அமெரிக்கக் கிராமங்களுக்குப் போகும் டாக்டர் குடும்பங்கள் நம்மவர்களில் நிறைய. ஒரு மாநிலத்துக்கு வருடத்துக்கு 30 இடம், டாக்டர் தட்டுப்பாடு உள்ள பகுதியில் மூன்று வருடம் வேலை. விசாவைப் பற்றியும் சம்பளத்தைப் பற்றியும் ஆளாளுக்கு விளக்கம் சொல்வார்கள். பிள்ளைகளை எங்கே சேர்ப்பது என்று கேட்டால் மட்டும் பதில் வராது. கணவருக்கு அப்படி அயோவாவில் வேலை கிடைத்து நான் கேட்டபோது, நாங்கள் அப்போது வசித்த டெட்ராய்டில் இருந்த தோழிகள் எல்லோரும் ஒரே வார்த்தைதான் சொன்னார்கள்: "ரேட்டிங் பாரு."

பார்த்தேன். வீடு தேடும் தளத்தில் எங்கள் கவுண்டிக்குள் (நம் ஊர் மாவட்டம் மாதிரி) மூன்று பள்ளி மாவட்டங்கள், அதாவது தனித்தனி வாரியம் நடத்தும் பள்ளி எல்லைகள், வந்தன. ஆரம்பப் பள்ளிகளுக்குப் பத்துக்கு ஏழு, ஐந்து, நான்கு. இப்போது என் இரண்டு பிள்ளைகளும் படிப்பது அந்த நான்கில்தான். ஒன்றரை வருடம் ஆகிறது. ஏன் அங்கே சேர்த்தேன், எது சரியாக வந்தது, எது வரவில்லை என்பதை எழுதுகிறேன். ஊர் பெயரும் பள்ளிப் பெயரும் எழுதப் போவதில்லை. ஒரு வகுப்புக்கு ஒரே டீச்சர் இருக்கிற ஊரில், பள்ளிப் பெயரைச் சொன்னாலே ஆளைச் சொன்ன மாதிரி.

முதலில் அந்த எண்ணைப் பற்றி. திருமணத்துக்கு முன்பு ஆறு வருடம் ஊரில் கணக்கு டீச்சராக இருந்தேன். அதனால் எண்ணைப் பார்த்ததும் "எத்தனை பேரில்?" என்றுதான் கேட்கத் தோன்றும். அயோவாவில் மாநிலத் தேர்வு மூன்றாம் வகுப்பிலிருந்து பதினொன்றாம் வகுப்பு வரை. ஐ.எஸ்.ஏ.எஸ்.பி. என்பார்கள், 2019இல் வந்தது. எந்தப் பள்ளியில் எத்தனை சதவீதம் தேறினார்கள் என்பதை மாநிலக் கல்வித் துறை தன் பக்கத்தில் போடுகிறது. அந்தச் சின்னப் பள்ளியில் ஒரு வகுப்புக்குப் பதினாறு பிள்ளைகள். அதாவது ஒரு பிள்ளை என்பது 6.25 சதவீதம். பதினாறில் பன்னிரண்டு பேர் தேறினால் 75. இரண்டு பேருக்கு அன்று காய்ச்சல், பத்து பேர்தான் தேறினார்கள் என்றால் 62.5. டீச்சர் அதே டீச்சர், புத்தகம் அதே புத்தகம், பள்ளி மட்டும் ஒரே வருடத்தில் பன்னிரண்டரை புள்ளி கீழே போய்விட்டது. இன்னும் சின்ன வகுப்பென்றால் பிள்ளைகளை அடையாளம் தெரிந்துவிடும் என்று அந்தக் கட்டத்தில் எண்ணே போட மாட்டார்கள். நூறு பேர் படிக்கும் நகரத்து வகுப்புக்கும் இதற்கும் ஒரே அளவுகோலை வைத்து ஏழு, நான்கு என்று பிரிப்பது கணக்காகவே தப்பு.

சரி, எண் வேண்டாம் என்றால் எதைப் பார்ப்பது? ஏப்ரலில் பிள்ளைகளை அம்மாவிடம் விட்டுவிட்டு (அப்போது அம்மா ஊரிலிருந்து வந்திருந்தார்) ஒரு வாரம் நான் மட்டும் அங்கே போனேன். மருத்துவமனை விருந்தினர் வீடு கொடுத்தது. மூன்று பள்ளிகளுக்கும் முன்கூட்டியே போன் செய்து நேரம் வாங்கியிருந்தேன்.

முதலில் கவுண்டித் தலைநகரில் உள்ள பெரிய பள்ளி. பெரியது என்றால் ஒரு வகுப்புக்கு நான்கு பிரிவு, பிரிவுக்கு இருபத்திரண்டு பேர். கட்டடம் புதுசு. அயோவாவில் பள்ளிக் கட்டடத்துக்குக் கடன் பத்திரம் போட வேண்டுமென்றால் ஊர் மக்கள் ஓட்டுப் போட வேண்டும். பாதிக்கு மேல் என்பது போதாது, நூற்றுக்கு அறுபது பேர் சரி என்று சொல்ல வேண்டும். அதைத் தாண்டி எழுந்த கட்டடம் என்றால் ஊர் பள்ளியின் பின்னால் நிற்கிறது என்று அர்த்தம். அதை நான் பெரிய விஷயமாகவே எடுத்துக்கொண்டேன். ஊரில் இறைச்சித் தொழிற்சாலை இருப்பதால் ஸ்பானிஷ் பேசும் குடும்பங்கள் நிறைய. ஆங்கிலம் புதிதாகக் கற்கும் பிள்ளைகளுக்கென்றே முழு நேர ஆசிரியைகள் இரண்டு பேர் இருக்கிறார்கள். ஸ்டார்ம் லேக், டெனிசன் மாதிரி ஊர்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள், அதே கதைதான் சின்ன அளவில். அந்த ஆசிரியைகளில் ஒருவர் வகுப்பெடுப்பதைப் பத்து நிமிடம் பார்த்தேன். ஆறு பிள்ளைகள், ஒவ்வொருவர் கையிலும் ஒரு கேரட் விதை. முளைப்பதைப் பற்றி முதலில் அவரவர் மொழியில் பேச விட்டு, அப்புறம் ஆங்கிலத்துக்கு அழைத்து வந்தார். உங்கள் பிள்ளை நேராக ஊரிலிருந்து ஆங்கிலம் பழகாமல் வருகிறதென்றால் வேறு யோசனையே வேண்டாம், இந்தப் பள்ளிதான்.

ஆனால் அங்கே ஒன்று உறுத்தியது. எல்லா இடத்திலும் நான் கேட்ட முதல் கேள்வி: "மூன்று வருடத்துக்கு முன்னால் இதே வகுப்பில் இருந்த டீச்சர்களில் எத்தனை பேர் இப்போதும் இருக்கிறார்கள்?" இங்கே நாலாம் வகுப்பில் நான்கு பேரில் ஒருவர். பிரின்சிபலே போன வருடம்தான் வந்தவர். நல்ல மனிதர், மறைக்கவில்லை. "பெரிய நகரத்தில் கூடுதல் சம்பளம் கிடைக்கிறது, போய்விடுகிறார்கள்" என்றார்.

இரண்டாவது பள்ளிக்குப் பெயரே இரண்டு ஊர்களைச் சேர்த்து நடுவில் கோடு போட்ட பெயர். அயோவா முழுக்க இப்படிப் பெயர்களைப் பார்க்கலாம், சிலவற்றில் மூன்று ஊர் இருக்கும். ஒரு காலத்தில் இந்த மாநிலத்தில் பத்தாயிரத்துக்கும் மேல் ஓரறைப் பள்ளிகள் இருந்தன. பண்ணைகள் பெரிதாகிக் குடும்பங்கள் குறையக் குறைய, பள்ளிகள் ஒன்றோடு ஒன்று இணைந்துகொண்டே வந்தன. இணையும்போது எந்த ஊரும் தன் பெயரை விட்டுக்கொடுக்காது, அதனால்தான் கோடு. இந்த மாவட்டத்தில் ஆரம்பப் பள்ளி ஒரு ஊரில், நடுநிலையும் உயர்நிலையும் இன்னொரு ஊரில்.

பேருந்துதான் எனக்கு இங்கே கவலை. பிள்ளைகள் பேருந்தில் இருக்கும் நேரத்துக்கு அயோவாவில் விதி உண்டு: ஆரம்பப் பள்ளிப் பிள்ளைக்கு ஒரு வழிக்கு 60 நிமிடம், உயர்நிலைக்கு 75. நாங்கள் பார்த்து வைத்திருந்த வாடகை வீடு எந்த வழியில் வரும் என்று அலுவலகத்தில் கேட்டேன். போக்குவரத்தைப் பார்க்கும் அம்மா, "சொன்னால் புரியாது, மூன்றே காலுக்குக் கிளம்பும், பின்னாலேயே காரில் வாருங்கள்" என்றார். போனேன். பாதி வழி சரளைக் கல் சாலை. ஒவ்வொரு பண்ணை வாசலிலும் பேருந்து நிற்கும், சிவப்பு விளக்கு எரியும், ஒரு பிள்ளை இறங்கி நாயோடு ஓடும், மறுபடி கிளம்பும். அந்த வீடு வர 52 நிமிடம் ஆனது. சட்டத்துக்குள்தான் இருக்கிறது. ஆனால் ஐந்து வயது நிரம்பிய என் சின்னவனை நினைத்துப் பார்த்தேன். காலையில் 52, மாலையில் 52, ஜனவரியில் காலை வேளை இருட்டு.

அன்றிரவு அந்த மாவட்டத்தின் பள்ளி வாரியக் கூட்டம். யார் வேண்டுமானாலும் போய் உட்காரலாம். நூலக அறையில் மடக்கு நாற்காலி போட்டிருந்தார்கள். வாரிய உறுப்பினர்கள் ஊர்க்காரர்களால் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள், இந்த மாநிலத்தில் அவர்களுக்குச் சம்பளம் கிடையாது. பேச்சு முழுவதும் ஒரே விஷயம்: பிள்ளைகள் எண்ணிக்கை குறைகிறது, மாநிலம் ஒரு பிள்ளைக்கு இவ்வளவு என்றுதான் பணம் தருகிறது, ஆரம்பப் பள்ளிக் கட்டடத்தை மூடி எல்லாவற்றையும் ஒரே ஊருக்கு மாற்றலாமா? ஒரு பெரியவர், தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு எழுந்தார். அந்தப் பள்ளி ஜிம்மின் தரைப் பலகைகளைத் தன் அப்பாவும் அக்கம்பக்கத்துக்காரர்களும் சேர்ந்து அடித்தார்கள் என்றார். அதற்கு மேல் பேச வரவில்லை, உட்கார்ந்துவிட்டார். யாரும் அவரைப் பார்க்கவில்லை, எல்லோரும் மேசையைப் பார்த்தார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. இருந்தாலும் பிள்ளையைச் சேர்க்கப் போகிறவளாக யோசித்தால், அடுத்த வருடம் கட்டடம் இருக்குமா என்று தெரியாத இடத்தில் எப்படிச் சேர்ப்பது? நீங்கள் எந்தப் பள்ளியைத் தேர்ந்தெடுத்தாலும் முடிவு செய்வதற்கு முன் ஒரு வாரியக் கூட்டத்துக்குப் போங்கள். பள்ளியைச் சுற்றிக் காட்டும்போது சொல்லாதது எல்லாம் அங்கே பேசப்படும்.

மூன்றாவது, அந்த நான்கு மதிப்பெண் பள்ளி. கிண்டர்கார்டனிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை ஒரே கட்டடம், 1950களின் செங்கல். ஒரு பக்கம் தானியக் கிடங்கு, மூன்று பக்கமும் சோள வயல். பள்ளிக்குள் நுழைந்தால் தரை மெழுகு வாசனையும் சமையலறையிலிருந்து ரொட்டி வாசனையும். சூப்பரின்டென்டென்ட், அதாவது பள்ளி மாவட்டத்தின் தலைமை நிர்வாகி, பக்கத்து மாவட்டத்துக்கும் சேர்த்து ஒருவர்தான். அன்று ஓட்டுநர் ஒருவர் வராததால் காலையில் பேருந்து ஓட்டிவிட்டு வந்திருந்தார். இசை ஆசிரியரும் நர்ஸும்கூட இரண்டு மாவட்டத்துக்குப் பொது. இதை எல்லாம் குறையாகத்தான் மனதில் குறித்துக்கொண்டேன்.

அப்புறம் முதல் வகுப்புக்குள் போனேன். வகுப்பு தன்பாட்டில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தது. ஓரத்தில் சிறுநீரக வடிவ மேசை, அதில் டீச்சரும் ஒரு பையனும் மட்டும். அவன் "ship" என்ற சொல்லைப் படிக்க வேண்டும். டீச்சர் சொல்லித் தரவில்லை. கட்டை விரலை ஆள்காட்டி விரலில் தட்டி முதல் ஒலி, நடுவிரலில் தட்டி அடுத்த ஒலி, மோதிர விரலில் கடைசி ஒலி. அவனும் தட்டினான். மூன்றாம் முறை மூன்று ஒலியும் ஒட்டிக்கொண்டன. அவன் முகம் மாறியது. அவர் "பிரமாதம்" என்றெல்லாம் சொல்லவில்லை. ஒரு நீல நோட்டைத் திறந்து தேதி போட்டு ஒரு வரி எழுதிவிட்டு அடுத்த சொல்லைக் காட்டினார். அந்த நோட்டைப் பார்க்கலாமா என்று பிறகு கேட்டேன். மற்றவர் பெயர் தெரியாமல் ஒரு பக்கத்தைக் காட்டினார். செப்டம்பரிலிருந்து வாரத்துக்கு மூன்று வரி, எந்த ஒலியில் தடுமாறுகிறான், எந்த நாள் சரியாயிற்று. இந்த மாநிலத்தில் சின்ன வகுப்புகளுக்கு வருடத்தில் மூன்று முறை வாசிப்புச் சோதனை எல்லாப் பள்ளியிலும் நடக்கும். சோதனைக்கும் சோதனைக்கும் நடுவில் என்ன நடக்கிறது என்பதை அந்த நோட்டு சொன்னது. ஆறு வருடம் வகுப்பில் நின்றவளுக்கு அந்த ஒரு பக்கம் போதும்.

டீச்சர்கள் கேள்விக்கு இங்கே கிடைத்த பதில்: ஆரம்ப வகுப்புகளில் மூன்று வருடத்தில் ஒருவர்தான் மாறியிருக்கிறார், அதுவும் ஓய்வு பெற்று. நாலாம் வகுப்பு டீச்சர் பத்தொன்பது வருடமாக அதே அறையில் இருக்கிறார்.

வீட்டை அந்த ஊரிலேயே பார்த்தோம். கணவருக்கு மருத்துவமனைக்கு இருபத்தைந்து நிமிட ஓட்டம், பிள்ளைகளுக்குப் பேருந்தில் பன்னிரண்டு நிமிடம். அயோவாவில் 1989இலிருந்து திறந்த சேர்க்கைச் சட்டம் உண்டு, ஒரு மாவட்டத்தில் குடியிருந்து இன்னொன்றில் படிக்கலாம். ஆனால் அப்படிச் சேர்ந்தால் பெரும்பாலும் கொண்டுபோய் விடுவது நம் பொறுப்பு. இரவுப் பணி இருக்கும் வீட்டில் அது நடக்காது. விலாசத்தைப் பள்ளிக்குத் தகுந்த மாதிரி அமைத்துக்கொள்வதுதான் சுலபம்.

சேரும்போது தெரிந்துகொண்ட சில விஷயங்கள். கிண்டர்கார்டனுக்குச் செப்டம்பர் 15க்குள் ஐந்து வயது நிரம்ப வேண்டும். பள்ளி ஆகஸ்ட் 23க்கு முன்னால் திறக்காது, அது சட்டம். அரசுப் பள்ளியென்றாலும் புத்தக வாடகை என்று ஒரு கட்டணம் வாங்குவார்கள், வருமானம் குறைந்தவர்களுக்குத் தள்ளுபடி உண்டு. வாரத்தில் ஒரு நாள் சீக்கிரம் விட்டுவிடுவார்கள், எங்களுக்குப் புதன்கிழமை. இரண்டு பேரும் வேலைக்குப் போகிறவர்கள் அதை முதல் நாளே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். வீட்டு மொழி என்ன என்று ஒரு படிவம் வரும். தமிழ் என்று எழுதினால் ஆங்கிலச் சோதனை வைப்பார்களே என்று பயந்து சிலர் ஆங்கிலம் என்று எழுதிவிடுகிறார்கள். அப்படிச் செய்யாதீர்கள். நான் தமிழ் என்றே எழுதினேன். பெரியவளுக்குச் சோதனை வைத்தார்கள், தேறினாள், அவ்வளவுதான். அந்தப் படிவத்தைப் பார்த்துத்தான் அவளுடைய டீச்சர், "வீட்டில் தமிழிலேயே கதை படித்துக் காட்டுங்கள், நிறுத்தாதீர்கள்" என்று சொன்னார்.

சின்னவனுக்கு ஆங்கில "r" ஒலி வராது. ஏரியா எஜுகேஷன் ஏஜென்சி என்று வட்டார அமைப்பு ஒன்பது இருக்கின்றன, 1974இல் தொடங்கியவை. சின்னப் பள்ளிகள் தனித்தனியாக வைத்துக்கொள்ள முடியாத பேச்சுப் பயிற்சியாளர், உளவியலாளர் போன்றவர்களை அவர்கள்தான் அனுப்புகிறார்கள். செவ்வாயும் வியாழனும் ஒருவர் வருகிறார். டெட்ராய்டில் காப்பீட்டோடு நான்கு மாதம் காத்திருந்து கிடைக்காதது இங்கே செலவில்லாமல் ஆறு வாரத்தில் கிடைத்தது.

சாப்பாட்டுக்கு நாங்கள் பயந்தோம். பன்றி வளர்ப்புக்குப் பேர் போன மாநிலம், நாங்கள் சைவம். முதல் வாரமே சமையலறை அம்மா என்னைக் கூப்பிட்டு மாதப் பட்டியலை முன்னால் வைத்து, எதில் என்ன கலந்திருக்கிறது என்று வரி வரியாகச் சொன்னார். பீன்ஸில் பன்றி இறைச்சி போடுவதுண்டு, அது எனக்குத் தெரிந்திருக்கவே தெரிந்திருக்காது. அந்த நாட்களில் தனியாக ஒரு சீஸ் சாண்ட்விச் எடுத்து வைக்கிறார். இருநூற்றைம்பது பேர் உள்ள பள்ளியில்தான் இது நடக்கும்.

இப்போது குறைகள். முதல் குளிர்காலம், பனிப்பொழிவால் பள்ளி இரண்டு மணி நேரம் தாமதம் என்று எல்லோருக்கும் குறுஞ்செய்தி போயிருக்கிறது. அலுவலகத்தில் என் எண்ணைப் பதியவே இல்லை. நானும் பிள்ளைகளும் பூஜ்யத்துக்குக் கீழே 14 டிகிரியில் இருபது நிமிடம் சாலையோரம் நின்றோம். எதிர் வீட்டுக்காரர் வந்து சொன்னார். அலுவலகத்தில் மன்னிப்புக் கேட்டார்கள், ஆனால் சேர்க்கைப் படிவத்தில் நான் இரண்டு இடத்தில் எழுதிக் கொடுத்த எண் அது. கோபம் இன்னும் முழுசாகப் போகவில்லை. பக்கத்து வீட்டில் யாராவது ஒருவரின் எண்ணை ஆகஸ்டிலேயே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று இதைவிடப் பெரியது. பதினாறு பேரில் பெரியவளுக்கு ஒத்த தோழி அமைய ஏழு மாதம் ஆயிற்று. மற்ற பதினைந்து பேரும் தொட்டில் காலத்திலிருந்து ஒன்றாக இருப்பவர்கள். யாரும் அவளை ஒதுக்கவில்லை, ஆனால் யாருக்கும் புதிதாக ஒருத்தி தேவைப்படவும் இல்லை. நூறு பேர் படிக்கும் வகுப்பில் ஒருத்தியாவது சீக்கிரம் கிடைத்திருப்பாள். டீச்சர் உட்கார வைக்கும் இடத்தை மாற்றி மாற்றிப் பார்த்தார். கடைசியில் கன்றுக்குட்டி வளர்க்கும் ஒரு பெண்ணோடு ஒட்டிக்கொண்டாள். இப்போது சனிக்கிழமையானால் கம்பூட்ஸோடு அந்தப் பண்ணையில்தான் இருக்கிறாள்.

உயர்நிலைக்கு இதே பள்ளியைச் சொல்வேனா? மாட்டேன். வேதியியலுக்கும் இயற்பியலுக்கும் ஒரே ஆசிரியர், ஒரு வருடம் விட்டு ஒரு வருடம் மாற்றி மாற்றி நடத்துகிறார். ஸ்பானிஷ் ஆசிரியை போனதிலிருந்து அந்தப் பாடம் கணினித் திரையில்தான். சமுதாயக் கல்லூரிப் பாடங்களைப் பள்ளியில் இருந்தபடியே படித்துக் கல்லூரி மதிப்பெண் வாங்கும் வசதி இந்த மாநிலத்தில் நல்ல பழக்கத்தில் இருக்கிறது, சின்னப் பள்ளிப் பிள்ளைகளுக்கு அது பெரிய உதவி. ஆனாலும் ஆய்வகத்தில் கை நனைய வேண்டிய பாடத்துக்கு அது ஈடாகாது. கவுண்டித் தலைநகரப் பள்ளியில் நான்கு அறிவியல் ஆசிரியர்கள், தனி ஆய்வகம் இரண்டு.

கணவரின் ஒப்பந்தம் முடியும்போது பெரியவள் ஆறாம் வகுப்பு முடித்திருப்பாள், சின்னவன் இரண்டாம் வகுப்பு. இங்கேயே தங்குவதாக இருந்தால் அவளை ஏழாம் வகுப்புக்குத் தலைநகரில் சேர்த்துவிட்டு, அவனை அந்த நீல நோட்டு டீச்சரின் பள்ளியிலேயே வைத்திருக்க வேண்டும். இரண்டு ஊருக்கும் நடுவில், சரளைக் கல் சாலை இல்லாத இடத்தில் ஒரு வீடு வாடகைக்கு வருகிறதா என்று மருத்துவமனையில் இப்போதே சொல்லி வைத்திருக்கிறோம்.